திடலிலிருந்து அகாடமிக்கு: கிள்ளான் வட்டாரத் தமிழ் இளைஞர்களின் காற்பந்து வரலாறு

கிள்ளான் நகருக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையில் அமைந்துள்ள பண்டமாரான், மலாயாவின் அவசரகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுள் ஒன்றாகும். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டில் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவும் செய்தியும் சென்று சேராமல் தடுப்பதற்காக, 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த மக்கள் வேலியிட்ட குடியிருப்புகளுக்குள் குடியமர்த்தப்பட்டனர். அக்குடியிருப்புகளே புதுக்கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. பண்டமாரானில் குடியேறியோர் பெரும்பாலும் சீனரே என்றாலும், ஒரு பக்கம் துறைமுகமும் ரயில் பாதையும், சற்றுத் தள்ளிக் கிள்ளான் மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டங்களும் இருந்தமையால், இவ்வட்டாரத்தின் சமூக வரலாற்றைத் தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அவ்வரலாற்றில் போதிய அளவு எழுதப்படாத ஒரு பகுதி, இங்குள்ள தமிழ்ச் சிறுவர்கள் காற்பந்து வீரர்களாக வளர்ந்த வழிகளைப் பற்றியதாகும்.

இன்று அந்த வளர்ச்சிக்கு உரிய இடமாகக் கருதப்படுவது இளையோர் அகாடமி. ஒரு தொழில்முறை கிளப், தன் மூத்த அணிக்கு வேண்டிய ஆட்டக்காரர்களைத் தானே உருவாக்கிக்கொள்வதற்காகச் சிறுவர்களை வயதுவாரியாகத் தேர்ந்தெடுத்து, ஊதியம் பெறும் பயிற்றுநர்களின் பொறுப்பில் ஆண்டு முழுவதும் பயிற்றுவிக்கும் அமைப்பே இளையோர் அகாடமி எனப்படுகிறது. ஆம்ஸ்டர்டாம் நகரின் அயாக்ஸ் போன்ற ஐரோப்பிய கிளப்புகள் இம்முறையைப் புகழ்பெறச் செய்தன. இந்தியாவில் ஜாம்ஷெட்பூரின் டாட்டா காற்பந்து அகாடமி 1987இல் தொடங்கப்பட்டது. மலேசியாவில் தொழில்முறை லீக் வந்த பின்னரே அகாடமி என்ற எண்ணம் வேர்விடத் தொடங்கியது. அதற்கு முந்தைய முக்கால் நூற்றாண்டில் சிறுவர்களை ஆட்டக்காரர்களாக வளர்த்தவை தோட்டத் திடலும் பள்ளியும் சமூகச் சங்கமும் தொழிலக அணியுமே ஆகும். அவை எவ்வாறு இயங்கின, எதனால் மறைந்தன என்பதை அறிந்தால்தான், அவற்றின் இடத்தில் வந்துள்ள அகாடமியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது விளங்கும்.

நகரத்தில் தொடங்கிய ஆட்டம்

சிலாங்கூரில் காற்பந்து பரவிய பாதை, பெரும்பாலும் ரயிலும் துறைமுகமும் சென்ற பாதையே. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. 1890இல் அது கிள்ளான் நகரை எட்டியது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது அத்துறைமுகமே. பாதை அமைக்கவும் சரக்கு ஏற்றி இறக்கவும் தென்னிந்தியத் தமிழர் கொண்டுவரப்பட்டனர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த, ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் ரயில் நிலையங்களிலும் அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் அதிகாரிகளாகவும் அமர்ந்தனர். பிரிக்பீல்ட்ஸும் செந்தூலும் ரயில்வே ஊழியர் குடியிருப்புகளைச் சுற்றித் தமிழர் பகுதிகளாக வளர்ந்தன.

அக்காலத்தில் விளையாட்டு, இனத்தின் அடிப்படையில் அமைந்த சங்கங்களின் வழியே நடந்தது. 1884இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் கிளப்பும் அதன் முன்னிருந்த திடலும் பெரும்பாலும் ஐரோப்பியரின் உலகமாக இருந்தன. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் தத்தம் சங்கங்களை நிறுவிக்கொண்டனர். கோலாலம்பூரில் 1914இல் தோன்றிய தமிழர் உடற்பயிற்சிச் சங்கம், தமிழ் இளைஞர்களுக்கு ஒரு திடலையும் ஓர் அணியையும் ஒழுங்கான போட்டிகளையும் தந்த முன்னோடி அமைப்புகளுள் ஒன்று.

சமூகச் சங்கத்தைக் கடந்து ஆட்டக்காரர் ஒருவர் உயர்வதற்கான படி, 1921இல் கிடைத்தது. அவ்வாண்டு மலாயாவுக்கு வருகை தந்த எச்.எம்.எஸ். மலாயா என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் மாலுமிகளும் அதிகாரிகளும் வழங்கிய கிண்ணத்துக்காக மாநிலங்களுக்கிடையே போட்டி தொடங்கியது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 2-1 எனத் தோற்ற சிலாங்கூர், அடுத்த ஆண்டு கிண்ணத்தை வென்றது. மலாயாக் கிண்ணம் என்றும் 1967 முதல் மலேசியக் கிண்ணம் என்றும் வழங்கும் இப்போட்டியில் ஆடிய மாநில அணிகள், எல்லா இனத்தாரிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டன. இனவாரியான சங்கம் முதற்படியாகவும், இனங்கடந்த மாநில அணி அடுத்த படியாகவும் அமைந்த இந்த ஒழுங்கு, குறைகள் உடையதே எனினும், தமிழ் இளைஞன் ஒருவன் தன் மொழி பேசும் மூத்தவர்களிடையே ஆட்டத்தைக் கற்றுப் பின்னர் பொது அரங்கில் ஏற வழிவகுத்தது.

தோட்டத்தின் மாலைப் பொழுது

நகரச் சங்கங்களைவிடப் பெருந்தொகையான தமிழ்ச் சிறுவர்களைக் காற்பந்துக்குக் கொண்டுவந்தது தோட்டமே. கிள்ளானைச் சுற்றியிருந்த புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ், கடற்கரையை ஒட்டிய கேரித்தீவு முதலிய தோட்டங்களில் வேலை விடியலுக்கு முன்பே தொடங்கியது. பெரட்டு எனப்படும் ஆள்கணக்கு எடுப்பு இருட்டிலேயே முடிந்துவிடும்; அதன்பின் தொழிலாளர் தத்தம் நிரைகளுக்குச் சென்று பால்மரம் சீவினர். வெயில் ஏற ஏற மரத்தின் பால் வழிவது குறைந்துவிடும் என்பதால் சீவும் வேலை குளிர்ந்த காலையிலேயே முடிக்கப்பட வேண்டியதாயிற்று. பால் எடுத்து, வாளிகளில் சுமந்து, நிறுத்துக் கொடுத்த பின் பிற்பகலில் தொழிலாளர் லயன் வீடுகளுக்குத் திரும்பினர். மரத்தின் இயல்பு வகுத்த இந்த வேலைநேரம், நகரத் தொழிலாளிக்குக் கிடைக்காத ஒன்றைத் தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்தது. பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரமாவது வெளிச்சமும் ஓய்வும் ஒருசேரக் கிடைத்தன.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஏற்ற இடமும் அருகிலேயே இருந்தது. லயங்களுக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே இருந்த புல்வெளி, திருவிழா நாளில் கூத்துக்கும் மற்ற நாளில் பந்துக்கும் பயன்பட்டது. பெரியவர்கள் ஆடும்போது சிறுவர்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, ரப்பர் நிரைகளுக்குள் ஓடிவிடும் பந்தை எடுத்துவந்து கொடுத்தனர். மழையில் ஊறிக் கனத்துப்போன தோல்பந்தை வெறுங்காலால் உதைத்துத் திருப்பியனுப்புவதே அவர்களுடைய முதல் பயிற்சி. ஆள் குறைந்த நாளில் பெரியவர்களோடு ஆட இடம் கிடைக்கும். பதினான்கு வயதுச் சிறுவன் முப்பது வயது ஆடவரை எதிர்கொள்ளும்போது வலிமையால் வெல்ல முடியாது என்பதால், உடலை வளைத்து விலகவும் பந்தை விரைவாகக் கைமாற்றவும் தானாகக் கற்றுக்கொண்டான். எந்தப் பயிற்றுநரும் வகுக்காத இந்தப் பாடத்திட்டம், நாள் தவறாமல் நடந்தது என்பதே அதன் சிறப்பு.

பள்ளியும் இதற்குத் துணை நின்றது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. இவ்விதியால் எழுந்த பள்ளிகள் பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே இருந்தன. கல்வியின் தரம் குறைவு. ஆயினும் ஒரே வயதுச் சிறுவர்களை ஓரிடத்தில் கூட்டி, பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியோடு போட்டியிட வைத்தமையால், ஆட்டத்துக்கு அணி என்ற வடிவம் கிடைத்தது.

இந்த உலகத்தைப் பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்குச் செய்யும் துரோகமாகும். திடல் துரையின் சொத்து. பந்தும் கோல் கம்பமும் அவருடைய தயவு. தோட்டத் துரைமார் விளையாட்டை ஊக்குவித்ததற்கு, உழைப்பாளர் தோட்டத்தை விட்டுப் போகாமல் இருக்க வேண்டும் என்ற கணக்கும் ஒரு காரணம். அதே நிர்வாகம்தான் கள்ளுக்கடையையும் அனுமதித்தது. 1941இல் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைமையில், ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பிள்ளைகளுக்குத் தகுந்த கல்வி ஆகியவற்றோடு, துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் இடம்பெற்றிருந்தது. ராணுவம் வரவழைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகி, நாதன் நாடு கடத்தப்பட்டதோடு அப்போராட்டம் ஒடுக்கப்பட்டது. சாலையில் சைக்கிளில் நிமிர்ந்து செல்லும் உரிமை மறுக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு, மாலை நேரத் திடல் தன் திறமையால் தலைநிமிரக் கிடைத்த மிகச் சில இடங்களுள் ஒன்றாக இருந்தது. அந்த இடமும் தனக்குச் சொந்தமானதன்று என்பதன் விளைவைப் பிற்காலத் தலைமுறைகள் அனுபவித்தன.

தொழிலக அணியும் மாநில அணியும்

விடுதலைக்குப் பின் மலாயாக் காற்பந்து விரைந்து வளர்ந்தது. 1957இல் மெர்டேக்கா விளையாட்டரங்கமும் மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் தோன்றின. 1958 முதல் ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மானின் முயற்சியால், ஆசிய இளையோர் போட்டி முதன்முறையாக 1959இல் கோலாலம்பூரில் நடைபெற்றது. உள்நாட்டில் பர்ன்லி கிண்ணம் என்ற மாநிலங்களுக்கிடையிலான இளையோர் போட்டி, பள்ளி மாணவர்கள் மாநிலத் தேர்வாளர்களின் பார்வையில் படுவதற்கு வழி திறந்தது.

எனினும் 1989 வரை மலேசியாவில் காற்பந்து ஒரு தொழிலாக இருக்கவில்லை. ஆட்டக்காரர் பகலில் வேறொரு வேலை பார்த்தார். மின்வாரியம், ரயில்வே, துறைமுகம், காவல்துறை, வங்கிகள் முதலிய நிறுவனங்கள் தத்தம் அணிகளுக்காகத் திறமையான இளைஞர்களை வேலையில் அமர்த்தின. தோட்டத்துச் சிறுவனுக்கு இம்முறை தந்த பயன் மிகப் பெரிது. நாட்கூலியில் பிறந்து வளர்ந்த ஒருவன், நன்றாகப் பந்து ஆடுகிறான் என்ற காரணத்தாலேயே மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள வேலையைப் பெற முடிந்தது. ஆட்டத்தில் மேலும் உயராமல் போனாலும் வேலை கையில் இருந்தது. காயம் பட்டாலும் குடும்பம் பட்டினி கிடக்கவில்லை. பிள்ளையைத் திடலுக்கு அனுப்பத் தயங்காத பெற்றோரின் மனநிலைக்கு இந்தப் பாதுகாப்பே அடித்தளம்.

அக்காலத்தின் விளைவுகள் நாடறிந்தவை. 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்காவை 3-0 என வென்ற மலேசிய அணியின் தற்காப்பில் ஆடிய எம். சந்திரன், தேசிய அணியின் தலைவராகவும் விளங்கினார். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. சிலாங்கூரின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்தமையால் ஸ்பைடர்மேன் என்று அழைக்கப்பட்டார். 1980இல் தென் கொரியாவை வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அணியில் அவர் இருந்தார். அரசியல் காரணங்களுக்காக மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால், வென்ற தகுதியைப் பயன்படுத்தும் வாய்ப்பு அவ்வணிக்குக் கிட்டவில்லை. 1988 டிசம்பரில் சாலை விபத்தில் மறைந்த ஆறுமுகத்தின் நினைவு, அந்த அணியைத் தழுவி 2016இல் வெளிவந்த ஓலா போலா திரைப்படத்தின் வழியே புதிய தலைமுறையையும் எட்டியது. இவர்களில் எவரும் அகாடமியில் வளர்ந்தவரல்லர். வட்டாரத் திடல், பள்ளி, தொழிலகம், மாநில அணி என்ற ஏணியில் ஏறியவர்கள்.

தொழில்முறை வந்ததும் தோட்டங்கள் போனதும்

1989இல் பகுதித் தொழில்முறை லீக்கும், 1994இல் முழுத் தொழில்முறை லீக்கும் தொடங்கின. அதே 1994இல் ஏறத்தாழ 80,000 பேர் அமரக்கூடிய ஷா ஆலாம் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஆட்டக்காரருக்கு ஆட்டமே வேலை என்றான பின் தொழிலக அணிகளின் தேவை குறைந்தது. ஓய்வூதிய வேலைக்குப் பதிலாக, ஓரிரு ஆண்டு ஒப்பந்தம் வந்தது. 1990களின் நடுவில் வெடித்த ஆட்டமுடிவு விற்பனை ஊழலில் ஏராளமான ஆட்டக்காரர்கள் தண்டிக்கப்பட்டது, காற்பந்தை ஒரு வாழ்வாதாரமாக நம்பலாமா என்ற ஐயத்தைக் குடும்பங்களில் விதைத்தது.

இளையோரை வளர்க்கும் பொறுப்பை அரசும் தேசியச் சங்கமும் படிப்படியாக ஏற்றன. தலைவர் கிண்ணம் என்ற இளையோர் போட்டி 1985 முதல் நடந்துவந்தது. 1996இல் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி திறக்கப்பட்டது. 2007இல் மலேசியக் காற்பந்துச் சங்கம் ஹரிமாவ் மூடா என்ற இளையோர் அணியை உருவாக்கி, 2015 வரை உள்நாட்டு, வெளிநாட்டு லீக்குகளில் ஆடவைத்தது. 2014இல் தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் தொடங்கி, ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் கிளப்பில் இளையோரைப் பயிற்றுவித்த லிம் தியோங் கிம் அதன் பொறுப்பில் அமர்த்தப்பட்டார். பகாங் மாநிலத்தின் கம்பாங்கில், சிலாங்கூரின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் மொக்தார் டஹாரியின் பெயரில் ஓர் அகாடமி எழுந்தது. மாநிலச் சங்கங்களிலிருந்து பிரிந்து தனி நிறுவனங்களாக மாறிய கிளப்புகளும், உரிமம் பெறுவதற்கான நிபந்தனையாகக் குறிப்பிட்ட வயது வரம்புகளில் இளையோர் அணிகளை நடத்த வேண்டியிருக்கிறது.

இவையெல்லாம் எழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கிள்ளானைச் சுற்றியிருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. புக்கிட் ராஜா தோட்டம் பண்டார் புக்கிட் ராஜா நகரமாயிற்று. தலைமுறைகளாக வாழ்ந்த லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள், மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் தஞ்சம் புகுந்தன. தமிழ்ப்பள்ளிகள் பல, தோட்டம் மறைந்த பின்னும் தோட்டம் என்ற சொல்லைத் தம் பெயரில் தாங்கியபடி இயங்குகின்றன. அவற்றுள் திடல் இல்லாத பள்ளிகளும் உண்டு. காலையில் சீவி முடித்து மாலையில் ஆடிய வேலைநேரமும் மாறி, தொழிற்சாலையின் மூன்று மாற்றுவேளைகள் வந்தன. தந்தை ஆட்டத்துக்கு வரும் நேரமும் மகன் பள்ளி விட்டு வரும் நேரமும் ஒன்றாக அமைவது அரிதாயிற்று. துரையின் சொத்தாக இருந்த திடலுக்குத் தொழிலாளர் உரிமை கோர வழியில்லாததால், நிலம் கைமாறியபோது அத்திடல் எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் இடம்பெறாமல் மறைந்தது.

அகாடமி என்ற மேல்மாடி எழும்பிய அதே காலத்தில் அதன் அடித்தளம் கரைந்தது என்பதே இந்த வரலாற்றின் மையச் செய்தி. தேசிய அணியில் இந்திய ஆட்டக்காரர்கள் 1970களில் இருந்த அளவுக்கு இல்லை என்ற கவலை அடிக்கடி எழுப்பப்படுகிறது. அதற்கு ஆர்வக்குறைவையோ பாரபட்சத்தையோ மட்டும் காரணமாகச் சொல்வோர், திடலின் மறைவைக் கணக்கில் எடுப்பதில்லை. திறமை வற்றிவிடவில்லை என்பதற்குச் சான்றுகள் உள்ளன. சிலாங்கூருக்காக ஆடிய கே. ராஜகோபால் பயிற்றுநராகி, 2009 சீ விளையாட்டுப் போட்டியில் 20 ஆண்டுகளுக்குப் பின் மலேசியாவுக்குத் தங்கமும், 2010இல் தென்கிழக்காசியக் கிண்ணமும் பெற்றுத் தந்தார். அக்கிண்ணத்தை வென்ற அணியில் வலப்பக்கம் பாய்ந்து ஆடிய எஸ். குணாளன், பஹாவ் வட்டாரத்தில் ஓட்டப்பந்தய வீரராகத் தொடங்கியவர். 2017 சீ போட்டியின் அரையிறுதியில், ஷா ஆலாம் அரங்கில், என். தனபாலன் தலையால் முட்டிய ஒரே கோல் இந்தோனேசியாவை வீழ்த்தியது.

சமூகத்தின் சொந்த முயற்சி

இழந்ததை ஈடுசெய்யச் சமூகம் எடுத்த முயற்சிகளுள் மிகத் துணிச்சலானது மிஃபா எனப்படும் மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் முயற்சி. மலேசிய இந்தியர் விளையாட்டு மன்றத்தோடு இணைந்து அச்சங்கம் நடத்திய அணி, கீழ்நிலை லீக்கிலிருந்து 2017இல் பிரிமியர் லீக்கிற்கும், 2018 பருவத்தின் முடிவில் நாட்டின் உயர்மட்டமான சூப்பர் லீக்கிற்கும் முன்னேறியது. 2019 முதல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில், கெலானா ஜெயாவில் உள்ள பெட்டாலிங் ஜெயா மாநகர அரங்கத்தைத் தளமாகக் கொண்டு ஆடிய அவ்வணியை, முதல் பருவத்தில் ராஜகோபால் பயிற்றுவித்தார். 2022இல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், உள்நாட்டினரை மட்டும் கொண்டு சூப்பர் லீக்கில் ஆடியது அவ்வணியின் தனிச்சிறப்பு. அப்பருவத்துக்குப் பின் கிளப் லீக்கிலிருந்து விலகியது.

சமூகச் சங்கம் ஒன்று வளர்த்த அணி நாட்டின் உச்சியில் நான்கு பருவங்கள் நின்றது என்பது மதிப்புக்குரிய சாதனை. அதேவேளை, தொழில்முறை கிளப் என்பது ஆண்டுதோறும் பெரும்பணம் கேட்கும் நிறுவனம் என்பதையும், பணம் நின்றால் மூத்த அணியோடு இளையோர் வளர்ப்பும் நின்றுவிடும் என்பதையும் அதன் முடிவு கற்பித்தது. 1914இல் தொடங்கிய தமிழர் உடற்பயிற்சிச் சங்கம் போன்ற அமைப்புகள் பலத்த மாற்றங்களைத் தாங்கி நின்றதற்குக் காரணம், அவை ஊதியப் பட்டியலை நம்பாமல் திடலையும் தொண்டர்களையும் நம்பியதே.

அகாடமியின் கதவும் அதற்கு முந்தைய ஆண்டுகளும்

அகாடமி இயங்கும் முறையை அறிந்தால் இப்பாடத்தின் பொருள் துலங்கும். தேர்வு நாளில் சிறுவர்கள் வயதுப் பிரிவுகளாக நிறுத்தப்பட்டுச் சிறு ஆட்டங்களில் மதிப்பிடப்படுகின்றனர். வயதுப் பிரிவின் எல்லை ஜனவரி 1 என்பதால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கின்றனர். பன்னிரண்டு வயதில் பதினொரு மாத வளர்ச்சி வேறுபாடு உயரத்திலும் வேகத்திலும் வெளிப்படையாகத் தெரிவதால், தேர்வாளரின் கண் முதிர்ந்த உடலைத் திறமை என்று எடுத்துக்கொள்ள நேர்கிறது. ஆய்வாளர்கள் ஒப்பீட்டு வயது விளைவு என்று அழைக்கும் இந்தச் சாய்வு உலகெங்கும் அகாடமிகளில் பதிவாகியுள்ளது. தோட்டத் திடலில் வயதுப் பிரிவே இல்லாததால் இச்சாய்வு குறைவு. பிந்தி வளர்ந்தவனும் அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தான். அகாடமியில் ஒருமுறை விடுபட்டவனுக்கு, திரும்பிச் சென்று ஆடிக்கொண்டிருக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாதபோது விடுபடுவது ஆட்டத்தையே விடுவதாக முடிகிறது.

தொலைவும் ஒரு வடிகட்டியாகச் செயல்படுகிறது. பண்டமாரானுக்கு அருகிலுள்ள கம்போங் ராஜா ஊடா நிலையத்தில் கொம்யூட்டர் ரயில் ஏறி, சுபாங் ஜெயாவில் இலகு ரயிலுக்கு மாறி, கெலானா ஜெயா வரை சென்று திரும்ப வேண்டிய சிறுவனுக்கு, வாரத்தில் மூன்று நான்கு மாலைகள் பயணத்திலேயே கழியும். காரில் கொண்டுபோய் விடக்கூடிய பெற்றோரின் பிள்ளைக்கும், மாற்றுவேளையில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைக்கும் உள்ள வேறுபாடு, பந்தைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. திடல் லயத்து வாசலில் இருந்த காலத்தில் இக்கேள்வி எழவே இல்லை.

பன்னாட்டு விதிகளும் சிறிய அமைப்புகளுக்கு ஒரு வாய்ப்பைத் திறந்துள்ளன. 2001ஆம் ஆண்டு விதிகளின் வழி ஃபிஃபா, இளம் வயதில் பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு என்ற தொகையையும், ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறும்போது செலுத்தப்படும் தொகையில் 5 விழுக்காட்டை, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் ஒருமைப்பாட்டுப் பங்கையும் ஏற்படுத்தியது. இப்பங்கைப் பெற, அச்சிறுவன் அக்காலத்தில் முறையாகப் பதிவுபெற்ற அமைப்பில் ஆடினான் என்பதற்குச் சான்று வேண்டும். சந்திரனையும் ஆறுமுகத்தையும் போன்றோரை வளர்த்த தலைமுறைத் திடல்களுக்கு எந்தப் பதிவும் இல்லை, எந்தப் பங்கும் இல்லை. இனி வரும் வட்டார அணிகளாவது பதிவு செய்துகொண்டு, ஆட்டக்காரர் பட்டியலை ஆண்டுதோறும் பேணினால், தாம் வளர்த்த பிள்ளையின் உயர்வில் தமக்குள்ள பங்கைச் சட்டப்படி கோர முடியும்.

அகாடமியின் கதவு பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் திறக்கிறது. அதற்கு முந்தைய ஆறேழு ஆண்டுகளில் பந்தோடு பழகிய கால்களையே அது தேடுகிறது. அப்பழக்கத்தை உண்டாக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. அந்த ஆண்டுகளைத் தோட்டம் ஒருகாலத்தில் இலவசமாகக் கொடுத்தது. இன்று அவற்றைக் கொடுக்க வேண்டியவர்கள் தமிழ்ப்பள்ளிகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் வட்டார இளைஞர் அமைப்புகளும் ஆவர். கிள்ளான் மாநகர மன்றம் பொதுத் திடல்களை மாலை வேளையில் சிறுவர்களுக்குக் கட்டணமின்றித் திறந்துவிட வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் கிளப்புகள் தேர்வாளர்களைப் பண்டமாரான் போன்ற ஊர்களுக்கு அனுப்ப வேண்டும். பள்ளி நிர்வாகங்கள் திடலைக் கட்டடத்துக்காக விட்டுக்கொடுக்காமல் காக்க வேண்டும். ஒவ்வொரு தமிழ்ச் சிறுவனுக்கும் நடந்துசெல்லும் தூரத்தில் ஒரு திடல் கிடைக்கும்படி செய்வதே, மலேசியத் தமிழர் காற்பந்துக்கு இனிச் செய்ய வேண்டிய முதல் வேலை.